அபிராமி எழுதிக் கொடுத்த காரணம்

போன மாதம் ரேவதி போன் செய்தாள். நான் ஓய்வு பெற்ற கல்லூரியில் பொருளியல் எடுத்துக்கொண்டிருந்தவள். அந்தத் துறையில் இந்த வருஷம் பிள்ளைகள் சேரவில்லை என்று அவளை நிறுத்திவிட்டார்கள்.

“மேடம், பேப்பர்ல கல்வி ஆலோசகர் தேவைன்னு விளம்பரம் வந்திருக்கு. நீங்க பார்த்த வேலைதானே? எப்படி மேடம் அது கிடைச்சுது? இன்டர்வியூல என்ன கேப்பாங்க?”

ஏதோ சொல்லி வைத்தேன். வைத்த பிறகு, நான் சொன்னது எதுவும் அவளுக்கு உதவாது என்று தோன்றியது. அந்த வேலைக்கு நான் ஆசைப்பட்டுப் போகவில்லை. வேறு வழியில்லாமல் போனேன். போன இடத்தில் என்ன பார்த்தேன் என்பதையும் சேர்த்துச் சொன்னால்தான் அவள் கேட்டதற்கு அது பதிலாகும்.

குடவாசல் பக்கம் ஒரு கிராமத்தில், அடுத்தவர் வயலில் நடவு நட்டுக் களை பறித்த குடும்பத்தில் பிறந்தவள் நான். எங்கள் தெருவில் கல்லூரிக்குப் போன முதல் ஆள். எம்.ஏ., எம்.ஃபில். முடித்து, ஒரு தனியார் கல்லூரியில் பல வருஷம் பாடம் எடுத்தேன். பிறகு நெட் தேர்வு அல்லது முனைவர் பட்டம் இல்லாதவர்கள் வகுப்பு எடுக்கக் கூடாது என்று விதி வந்தது. ஒரு வெள்ளிக்கிழமை மதியம் எங்கள் நாலைந்து பேரையும் அலுவலக அறைக்குக் கூப்பிட்டு நன்றி சொல்லி அனுப்பிவிட்டார்கள். நாற்பதைத் தாண்டிவிட்ட எனக்கு அதன் பிறகு எந்த வேலைக்கு எப்படி விண்ணப்பிப்பது என்றே தெரியவில்லை. என் கணவர் குத்தகைக்கு நிலம் எடுத்துப் பயிர் வைப்பவர். அந்த வருஷம் சம்பா அறுப்புக்கு நின்ற நேரத்தில் மழை கொட்டி, கதிரெல்லாம் தண்ணீரில் சாய்ந்து முளைத்துவிட்டது. நான் வேலை தேடிப் புறப்பட்ட நேரம் அதுதான்.

முதலில் கிடைத்ததும் ‘கல்வி ஆலோசகர்’ வேலைதான். கும்பகோணத்தில் ஒரு மிட்டாய்க் கடைக்கு மேல் மாடியில் அலுவலகம். மேசைக்குப் பின்னால் இருந்த இளைஞர் என் சான்றிதழ்களைப் புரட்டிக்கூடப் பார்க்கவில்லை. ஒரு செல்போனும் பிளஸ் டூ எழுதிய பிள்ளைகளின் நம்பர்களும் கொடுத்தார்.

“என்ன சார் ஆலோசனை சொல்லணும்?” என்று கேட்டேன்.

“நம்ம காலேஜ்ல சேருங்கன்னு சொல்லணும் மேடம். அதான் ஆலோசனை.”

அந்தக் கோடை முழுக்க வெயிலில் ஊர் ஊராகப் போனேன். என்னைப் போலவே வேறு கல்லூரிகளின் ஆசிரியர்களும் அதே தெருக்களில் அலைந்தார்கள். ஒரு வீட்டில் நாங்கள் மூன்று பேர் ஒரே நேரத்தில் நின்று, ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் பேசியிருக்கிறோம். பி.எச்டி. முடித்த ஒருவர் ஒரு மாணவனின் அப்பாவிடம், “யோசிச்சு சொல்லுங்கண்ணே, பஸ் வசதி உண்டு” என்று கையெடுத்துக் கும்பிட்டதைப் பார்த்தேன்.

அந்த வேலை ஒரு வீட்டு வாசலில் முடிந்தது. கொரடாச்சேரிக்குப் பக்கத்தில் ஒரு ஊர். நான் பேசி முடிக்கும்வரை ஒரு அம்மா முறத்தை மடியில் வைத்தபடி கேட்டுக்கொண்டிருந்தார். கடைசியில், “ஒங்களுக்குப் பொண்ணு இருக்காம்மா?” என்றார்.

“இருக்கும்மா.”

“அதை அங்க சேப்பீங்களா?”

நான் சொல்லிக்கொண்டிருந்த கல்லூரியில் கணக்குக்கு வாத்தியாரே கிடையாது என்பது எனக்குத் தெரியும். “சேக்க மாட்டேன்” என்றேன். அவர் மகளின் மதிப்பெண்ணுக்கு அரசுக் கல்லூரியிலேயே இடம் கிடைக்கும் என்று சொல்லி, எப்படி விண்ணப்பிப்பது என்றும் சொல்லிவிட்டு வந்தேன். இதை நானே மாடி அலுவலகத்தில் சொன்னேன். செல்போனை வாங்கி வைத்துக்கொண்டார்கள்.

அதற்குப் பிறகு மூன்றாவதோ நான்காவதோ முயற்சியில்தான் தஞ்சாவூரிலிருந்து திருவாரூர் போகிற சாலையில் இருந்த அந்தக் கல்லூரிக்கு நேர்காணலுக்குப் போனேன். ஆய்வுக்கு வந்த குழு, மாணவர்களுக்குப் படிப்பு தொடர்பாக வழிகாட்ட ஒருவரை நியமிக்கவில்லையே என்று குறை எழுதிவிட்டுப் போயிருந்தது. குறையைத் தீர்க்க ஒரு ஆள் வேண்டும். நிர்வாகத்துக்கு அவ்வளவுதான். ஆனால் முதல்வர் ராமலிங்கம் அதை அப்படி எடுத்துக்கொள்ளவில்லை.

அரசுக் கல்லூரியில் ஓய்வு பெற்றுவிட்டு இங்கே வந்தவர் அவர். உயரமான மனிதர், குரல் மட்டும் தணிந்து வரும். அவர் பேசுவதைக் கேட்க எல்லோரும் கொஞ்சம் முன்னால் குனிய வேண்டும். மாணவர்களையும் ‘வாங்க, உக்காருங்க’ என்றுதான் சொல்வார். என்னிடம் படிப்பைப் பற்றிக் கேட்கவில்லை.

“ஒரு பையனுக்கு அஞ்சாறு பேப்பர் அரியர். டி.சி. வாங்கிட்டுப் போறேன்னு அவங்க அப்பா ஆபீஸ் வாசல்ல நிக்கிறாரு. பையன் பக்கத்துல நிக்கிறான். மொதல்ல என்ன செய்வீங்க?”

“அப்பாவைக் கொஞ்ச நேரம் வெளியே உக்காரச் சொல்லிட்டுப் பையனை மட்டும் உள்ள கூப்பிடுவேன் சார்.”

“அவரு கோவிச்சுக்குவாரே?”

“கோவிச்சுக்கட்டும் சார். படிக்கப் போறது அவரு இல்லையே.”

பிறகு முந்தைய வேலையை ஏன் விட்டேன் என்று கேட்டார். முறத்தோடு உட்கார்ந்திருந்த அந்த அம்மாவைப் பற்றிச் சொன்னேன். முழுதும் கேட்டுவிட்டு, “அந்தப் பொண்ணு கடைசியில எங்க சேந்துச்சு?” என்றார்.

“தெரியலையே சார்.”

“தெரிஞ்சுக்கணும்மா. சொல்லிட்டு வந்துடுறது யாராலயும் முடியும்.”

வேலை கிடைக்காது என்று நினைத்துத்தான் பஸ் ஏறினேன். மறுநாள் காலை வரச் சொல்லி அவரே போன் செய்தார்.

நூலகத்தை ஒட்டி ஒரு அறை கொடுத்தார்கள். முதல் நாள் ராமலிங்கம் சாரே வந்து நாற்காலியை இடம் மாற்றிப் போட்டார். மாணவர் என் எதிரில் உட்காரக் கூடாது, மேசையின் பக்கவாட்டில் உட்கார வேண்டும். எதிரில் உட்கார்ந்தால் விசாரணை மாதிரி இருக்கும் என்றார். கதவு திறந்தே இருக்க வேண்டும், ஆனால் பேச்சு வெளியே கேட்கக் கூடாது. மதிப்பெண்ணில் ஆரம்பிக்கக் கூடாது. “காலையில எந்த பஸ்ல வந்தேன்னு கேளுங்க. எத்தனை மணிக்கு எந்திரிச்சான், வீட்டுல யாரு சமைச்சா, எவ்வளவு தூரம் நடந்தான், எல்லாம் அதுலயே வந்துடும்.”

உண்மைதான், வந்துவிடும். வேலை என்று பார்த்தால் எளிமையானது. ஒவ்வொரு பருவத் தொடக்கத்திலும் பிள்ளைகளைத் தனித்தனியாகக் கூப்பிட்டு, எந்தத் தாளில் பாக்கி, எந்த விருப்பப் பாடத்தை எடுக்கலாம், வருகை எவ்வளவு குறைகிறது என்று உட்கார்ந்து பார்ப்பது. துறை மாற்றம் கேட்பவர்கள், இடையில் நிற்கிறேன் என்பவர்கள், நின்றுவிட்டுத் திரும்பி வருகிறவர்கள் எல்லோரும் முதலில் என்னிடம் வந்துவிட்டுத்தான் முதல்வரிடம் போக வேண்டும். படிப்பை விடுகிற பிள்ளையின் தாளில் நான் கையெழுத்துப் போட்டிருந்தாலும், “இது இங்கேர்ந்து எங்க போகுது?” என்று கேட்டுத் தெரிந்துகொள்ளாமல் அவர் போட மாட்டார். கல்யாணம், திருப்பூர், சிங்கப்பூர், செங்கல் சூளை என்று பதில் வரும். கேட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் பேனாவை மூடியோடு பிடித்திருப்பார். பிறகு போடுவார்.

ஒரு விஷயத்தில் மட்டும் அவர் அசைய மாட்டார். விதி என்றால் விதிதான். வராத நாளை வந்ததாகப் போடுவது அவர் இருந்தவரை அந்தக் கல்லூரியில் நடக்கவில்லை.

அபிராமி வந்தது அவர் காலத்தில்தான்.

நாகப்பட்டினத்துக்குத் தெற்கே ஒரு மீனவர் ஊரிலிருந்து வந்த பெண். பி.எஸ்சி. கணிதம், மூன்றாம் வருஷம். இரண்டு வருஷமும் வகுப்பில் முதலிடம். விடுதியில் தங்கிப் படித்தவள் திடீரென்று விடுதியைக் காலி செய்துவிட்டு, ஊரிலிருந்து தினமும் வர ஆரம்பித்தாள். முதல் மணி வகுப்புகள் போயின. பிறகு முழு நாட்களும் போக ஆரம்பித்தன. வருகை குறைந்தவர்களின் பெயர்களில் அவள் பெயரைப் பார்த்ததும் கூப்பிட்டேன்.

வந்து பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தாள். முகத்தில் அழுத அடையாளம் எதுவும் இல்லை. நன்றாகத் தூங்காதவளின் கண்கள்.

“அப்பாவைப் பிடிச்சிட்டுப் போயிட்டாங்க மேடம்.”

அவள் அப்பா செல்வராசு விசைப்படகில் டிரைவர். எல்லை தாண்டினார்கள் என்று அண்டை நாட்டுக் கடற்படையினர் படகையும் ஆட்களையும் கடலில் பிடித்துக்கொண்டு போய், அந்தக் கரையில் சிறையில் வைத்துவிட்டார்கள். கூடப் போனவர்கள் நீதிமன்றத்தில் எல்லை தாண்டியது உண்மை என்று ஒத்துக்கொண்டு, எச்சரிக்கையோடு விடுதலையாகி ஊர் திரும்பிவிட்டார்கள். இவர் மட்டும் ஒத்துக்கொள்ளவில்லை.

“என்ஜின் நின்னு போயி நீரோட்டம் இழுத்துட்டுப் போச்சாம் மேடம். நானா தாண்டலை, தாண்டினேன்னு எப்படிச் சொல்றதுன்னு கேக்குறாராம். கேஸைத் தள்ளி வச்சுக்கிட்டே இருக்காங்க.”

அம்மா மீன் வாங்கித் தலையில் சுமந்து ஊர் ஊராக விற்கப் போகிறாள். தம்பிகள் இருவர், படுத்த படுக்கையாகத் தாத்தா. மீன்வளத் துறை அலுவலகம், ஆட்சியர் அலுவலகம், வக்கீல் என்று அலைவதற்கு எழுதப் படிக்கத் தெரிந்த ஆள் வீட்டில் இவள் ஒருத்திதான். அப்படித்தான் வருகை போயிற்று.

பல்கலைக்கழக விதியில் இதற்கு ஒரே ஒரு வாசல் இருந்தது. உடல்நலக் குறைவு. மருத்துவச் சான்றிதழோடு வருகைக் குறைவுக்கு மன்னிப்பு விண்ணப்பம் கொடுத்தால் தேர்வு எழுத விடலாம். கொடுக்காவிட்டால் அந்தப் பருவத்தை அடுத்த வருஷம் வந்து மறுபடி படிக்க வேண்டும். எல்லாக் கல்லூரிகளிலும் எல்லோரும் செய்வதுதான். மஞ்சள் காமாலை என்றோ டைஃபாய்டு என்றோ ஒரு தாள். நான் முதல்வரிடம் போய் விஷயத்தைச் சொன்னேன். அவர் ஜன்னல் பக்கம் பார்த்தபடி, “டாக்டர் கையெழுத்துப் போட்டுக் குடுத்தா, அது சரியா தப்பான்னு பாக்குற வேலை என்னுது இல்லம்மா” என்றார். அவரைப் போன்ற மனிதரால் அதற்குமேல் இறங்கி வர முடியாது. எனக்கு அது புரிந்தது.

அபிராமியைக் கூப்பிட்டு விண்ணப்பத்தைக் கொடுத்தேன். காரணம் எழுத வேண்டிய இடத்தைக் காட்டி, காய்ச்சல் என்று எழுதச் சொன்னேன்.

“எனக்குக் காய்ச்சல் வரலையே மேடம்.”

“தெரியும்டா. இது சும்மா ஒரு சம்பிரதாயத்துக்குத்தான். யாரும் கேக்க மாட்டாங்க.”

“அப்பாவைப் பிடிச்சிட்டுப் போனதுனாலதானே வரலை? அதை எழுதுறேனே.”

“அதை எழுதினா ஏத்துக்க மாட்டாங்கம்மா. விதியில அதுக்கு இடமில்ல.”

அவள் பேனாவைக் கீழே வைத்தாள். “அவரு ஒரு பொய்யை ஒத்துக்கிட்டா நாளைக்கே வந்துடலாம் மேடம். ஒத்துக்க மாட்டேன்னு அங்க உக்காந்திருக்காரு. நான் இங்க பொய் எழுதிக் குடுத்துட்டுப் பரீட்சை எழுதினா, அவரு வந்து நிக்கிறப்ப எப்படி மேடம் மொகத்தைப் பாப்பேன்?”

எனக்குத் தெரிந்த எல்லா வழியிலும் பேசினேன். வீட்டு நிலைமையைச் சொன்னேன். பட்டம் கையில் இருந்தால் என்னென்ன செய்யலாம் என்றேன். அப்பா இதைத் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டார் என்றுகூடச் சொன்னேன். அவரை நான் பார்த்ததே இல்லை. எல்லாவற்றையும் மரியாதையாகக் கேட்டுக்கொண்டாள். கடைசியில் விண்ணப்பத்தை இழுத்து, காரணம் என்ற இடத்தில் ‘என் தந்தை சிறையில் இருப்பதால்’ என்று எழுதி, கீழே கையெழுத்துப் போட்டு என்னிடம் நீட்டினாள்.

அதை ராமலிங்கம் சார் வெகு நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு தன் கைப்பட நீண்ட பரிந்துரை ஒன்று எழுதி, பல்கலைக்கழகத்துக்கு என்னையே நேரில் கொண்டுபோகச் சொன்னார். அங்கே இருந்த அதிகாரி நல்ல மனிதர். படித்துவிட்டு, “பாவமாத்தான் இருக்கு மேடம். ஒரு மெடிக்கல் வச்சுக் குடுத்திருக்கலாமே?” என்றார். பதில் சில நாட்களில் வந்தது. விதிகளில் இடமில்லை.

அந்தச் செய்தியை அவளிடம் சொன்னது என் அறையில். “சரிங்க மேடம்” என்றாள். பையை எடுத்துக்கொண்டு போனாள். மதிய வகுப்புகள் நடந்துகொண்டிருந்தன. தன் வகுப்பு இருந்த பக்கம் போகாமல் நேராகக் கேட்டைத் தாண்டிப் போவதை நூலக ஜன்னலிலிருந்து பார்த்தேன்.

தேர்வுகள் முடிந்தன. விடுமுறையில் ஒருநாள் அவள் ஊருக்குப் போனேன். விட்ட பருவத்தை மறுபடி படிப்பதற்கான மறுசேர்க்கை நாளைச் சொல்லிவிட்டு வர வேண்டும் என்று நினைத்தேன். அம்மா அஞ்சலை மட்டும் இருந்தார். மீன் கூடையைக் கழுவிக் கவிழ்த்துக்கொண்டிருந்தவர், நான் யார் என்று தெரிந்ததும் நாற்காலியைத் துடைத்துப் போட்டார்.

“அபி திருப்பூருக்குப் போயிட்டா மேடம். இந்தத் தெருப் புள்ளைங்க நாலு பேரு பனியன் கம்பெனியில இருக்குதுங்க. அதுங்களோட.”

“அந்த ஒரு செமஸ்டரை மட்டும் வந்து படிச்சாப் போதும்மா. பட்டம் கைக்கு வந்துடும்.”

“நீங்க சொல்றது நல்லதுக்குத்தான். ஆனா அந்த செமஸ்டரு வர்ற வரைக்கும் இந்த வீட்டுல அடுப்பு எரியணுமே மேடம்.”

உள்ளேயிருந்து தாத்தா யாரென்று கேட்டார். “அபியோட டீச்சரு” என்று அஞ்சலை சத்தமாகச் சொன்னார். நான் சேர்க்கை நாளை ஒரு தாளில் எழுதிக் கொடுத்தேன். வாங்கிச் சாமி படத்துக்குப் பின்னால் செருகி வைத்தார்.

செல்வராசு வந்தது அதற்குச் சில மாதங்கள் கழித்து. மழை தொடங்கிவிட்டிருந்தது. அலுவலக உதவியாளர் ஒரு ஆளை அழைத்து வந்து, “அந்தக் கணக்குப் பொண்ணோட அப்பாவாம்” என்று விட்டுவிட்டுப் போனார். சட்டை அவர் உடம்பில் தொங்கியது. எவ்வளவு சொல்லியும் நாற்காலியின் நுனியில்தான் உட்கார்ந்தார். தண்ணீர் கொடுத்தேன், குடிக்கவில்லை.

“எப்ப வந்தீங்க?”

“வந்து ஒரு வாரமாச்சுங்க. வீட்டுல எல்லாத்தையும் சொன்னாங்க. காய்ச்சல்னு எழுதியிருந்தா பரீட்சை எழுதியிருக்கலாம், அபி எழுத மாட்டேன்னுட்டான்னு சொன்னாங்க. நெசமாங்க?”

“நெசம்தான்.”

தலையை ஆட்டினார். கைகளை முழங்காலுக்கு நடுவில் வைத்துக்கொண்டார்.

“நான் ஒத்துக்கிட்டேங்க” என்றார்.

எனக்கு முதலில் புரியவில்லை.

“தாண்டினேன்னு ஒத்துக்கிட்டுக் கையெழுத்துப் போட்டேன். பொண்ணுக்குக் கடைசிப் பரீட்சை வருது, அதுக்குள்ள போயி நின்னாத்தான் அது நிம்மதியா எழுதும்னு கணக்குப் போட்டேன். நெஞ்சு கேக்கலைங்க. ஆனா புள்ளைக்காகன்னு போட்டுட்டேன். போட்ட பொறவும் அந்தக் காகிதம் இந்தக் காகிதம்னு இழுத்துட்டாங்க. வர்றதுக்குள்ள எல்லாம் முடிஞ்சு போச்சு.”

வெளியே மழை சத்தம் பலமாக இருந்தது.

“அதுக்கு இது தெரியாதுங்க. வீட்டுலயும் சொல்லலை. கேஸு தள்ளுபடி ஆயிடுச்சுன்னு நெனைச்சுக்கிட்டு இருக்காங்க. போன்ல பேசுறப்ப, ‘எங்கப்பா ஜெயிச்சுட்டு வந்துட்டாரு’ன்னு கூட வேலை பாக்குற புள்ளைங்ககிட்ட சொல்லுது. எனக்குக் காதுல கேக்குது.” நிமிர்ந்து என்னைப் பார்த்தார். “நீங்க புள்ளைங்களுக்கு யோசனை சொல்றவங்கன்னு அபி சொல்லியிருக்கு. இதை நான் அதுகிட்ட சொல்லலாமா, வேண்டாமா? நீங்க சொல்லுங்க.”

துறை மாற்றம், அரியர், மறுசேர்க்கை என்று எத்தனையோ பிள்ளைகளுக்கு என்ன செய்யலாம் என்று சொல்லியிருக்கிறேன். அந்த அறையில் யாரும் என்னிடம் இப்படி ஒன்றைக் கேட்டதில்லை. அவர் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். சொல்லாவிட்டால் அவள் அப்பாவை நினைத்துப் பெருமைப்பட்டுக்கொண்டு அங்கேயே இருப்பாள். சொன்னால், ஒரு மனிதர் தன் பிள்ளைக்காக வளைந்து கொடுப்பதும் உண்டு என்று தெரிந்து, தானும் கொஞ்சம் இளகித் திரும்பி வரக்கூடும். அல்லது, தான் இழந்தது வீணுக்கு என்று ஒடிந்து போகவும் கூடும். எது நடக்கும் என்று எனக்கு நிச்சயமாகத் தெரியவில்லை.

“சொல்லிடுங்க” என்றேன். “மறுசேர்க்கைக்கு இன்னும் நாள் இருக்கு. அதையும் சேத்துச் சொல்லுங்க.”

அவரிடம் இருந்த போனில் சார்ஜ் இல்லை. என் போனைக் கொடுத்தேன். சாப்பாட்டு இடைவேளை நேரம், கம்பெனியில் பேச விடுவார்கள் என்றார். போனை எடுத்துக்கொண்டு வராந்தாவுக்குப் போனார். தூணைப் பிடித்துக்கொண்டு, மழையைப் பார்த்தபடி நின்று பேசினார். என்ன பேசினார் என்று என் காதில் விழவில்லை. ஒரு கட்டத்தில் பேச்சை நிறுத்திவிட்டு வெறுமனே போனைக் காதில் வைத்துக்கொண்டு நின்றார். பிறகு உள்ளே வந்து, போனைத் தன் சட்டையில் துடைத்து என்னிடம் கொடுத்தார்.

“என்ன சொன்னா?”

“ஒண்ணும் சொல்லலைங்க. ரொம்ப நேரம் சத்தமே இல்ல. லைன் போயிடுச்சோன்னு நெனைச்சேன்.” உதட்டைக் கடித்துக்கொண்டார். “அப்பறம், ‘சாப்பிட்டியாப்பா’ன்னு கேட்டுச்சு. சாப்பிட்டேம்மான்னு சொன்னேன். வச்சுடுச்சு.”

கேட்டுப் பார்த்தேன், அன்று காலையிலிருந்து அவர் ஒன்றும் சாப்பிட்டிருக்கவில்லை. கேன்டீனுக்கு அழைத்துப் போகிறேன் என்றேன். வேண்டாம் என்று கும்பிட்டுவிட்டு, மழை விடும்வரைகூட நிற்காமல் பஸ் நிறுத்தத்துக்கு நடந்தார்.

மறுசேர்க்கைக் கடைசி நாள்வரை அபிராமிக்காக முதல்வர் அந்த இடத்தை யாருக்கும் கொடுக்காமல் வைத்திருந்தார். அவள் வரவில்லை. அடுத்த வருஷமும் வரவில்லை. ரேவதி கேட்டதற்கு இதையும் சேர்த்துத்தான் நான் பதில் சொல்ல வேண்டும்.